பார்த்திவபுரத்துச் செப்பேடும் கணினியின் கட்டங்களும்

நாஞ்சில் நாட்டில் வயல் வைத்திருக்கும் வீடுகளில் ஒரே வயலுக்கு இரண்டு காகிதங்கள் இருக்கும். ஒன்று சிட்டா. பட்டா எண், உடையவர் பெயர், புல எண், பரப்பு, தீர்வை என ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு கட்டம் உண்டு. இன்னொன்று கிரயப் பத்திரம். விற்பவர் யார், அவருக்கு அந்த நிலம் எந்த வழியில் வந்தது, என்ன தேவைக்காக விற்கிறார், எவ்வளவு பணம் பற்றிக்கொண்டார், வடக்கே யாருடைய நிலம், கிழக்கே எந்த வாய்க்கால் என எல்லாம் அதில் பக்கக் கணக்கில் நீளும் வாக்கியமாக ஓடும். பரப்பு தெரிய வேண்டுமென்றால் சிட்டாவை எடுக்கிறோம். வழக்கு வந்தால் பத்திரத்தைத் தேடுகிறோம்.

கணினி உலகில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஓயாத ஒரு விவாதம் இந்த இரண்டு காகிதங்களுக்கும் இடையில்தான் நிற்கிறது. எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு மொழியில், ஓடும் வாக்கியத்துக்குள் தகவல் கட்டங்களைக் கலந்து வைக்கலாமா, கூடாதா என்பதே அந்த விவாதம். மென்பொருள் எழுதுவோர் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய சங்கதி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நம் ஊர்க் கல்வெட்டும் செப்பேடும் ஓலையும் வில்லுப்பாட்டும் கணினிக்குள் எந்த உருவத்தில் போய்ச் சேரும் என்பதை இந்தக் கேள்விக்கான விடைதான் முடிவு செய்கிறது.

ஆய் மன்னர் எழுதிக்கொடுத்த பத்திரம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கே, முன்சிறைக்குப் பக்கத்தில் இருக்கிறது பார்த்திவபுரம். அங்குள்ள திருமால் கோயில் எப்படி எழுந்தது என்பதை ஒரு செப்பேடு சொல்கிறது. ஆய் குலத்து மன்னர் கருநந்தடக்கன் வெளியிட்ட ஏடு அது. திருவனந்தபுரத்து ஹஜூர் அலுவலகத்தில் பாதுகாக்கப்பட்டதால் ஹஜூர் அலுவலகச் செப்பேடு என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. டி.ஏ. கோபிநாத ராவ் அதைத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் பதிப்பித்தார்.

கலியுகம் பிறந்து 14,49,087 நாள் சென்றது என்று அந்தச் செப்பேடு தன் தேதியைச் சொல்கிறது. இதை 365¼ ஆல் வகுத்தால் 3,967 ஆண்டும் சில மாதங்களும் வரும். கலி தொடங்கியதாகக் கொள்ளும் கி.மு. 3102-இலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் கி.பி. 866-இல் வந்து நிற்போம். முன்சிறைச் சபையாரிடம் நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொண்டு மன்னர் அங்கே கோயில் எடுத்தார். பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டார். காந்தளூர்ச் சாலை என்ற கல்விக்கூடத்தின் முறைப்படி 95 சட்டர், அதாவது 95 மாணவர், தங்கிப் படிக்க ஒரு சாலையும் ஏற்படுத்தினார். அவற்றுள் 45 இடம் ஒரு வேதப் பிரிவினருக்கு, 36 இடம் தைத்திரீயருக்கு, 14 இடம் தலவகாரருக்கு. கூட்டிப் பாருங்கள், 95 சரியாக வரும். மாணவர் நடந்துகொள்ள வேண்டிய முறையும், மீறினால் கட்ட வேண்டிய தண்டமும் அதே ஏட்டில் உண்டு.

எண், பெயர், ஊர், எல்லை, விதி எல்லாம் இந்தச் செப்பேட்டில் இருக்கின்றன. இவ்வளவு தகவல் இருந்தும் ஒரு கட்டம்கூட இல்லை. இதைக் கணினியில் எப்படிப் பதிவது?

இரண்டு வழிகள்

எக்ஸ்எம்எல்லின் அடிப்படை எளிது. ஒரு சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒரு குறிச்சொல் வைத்து, நடுவில் இருப்பது இன்னது என்று கணினிக்குச் சொல்கிறோம். திறக்கும் குறியும் மூடும் குறியும் அவற்றுக்கு நடுவில் உள்ளதும் சேர்ந்தது ஓர் உறுப்பு. உறுப்புக்குள் பிள்ளை உறுப்புகள் வரலாம். குறிச்சொற்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ள, 1998-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே இடம் உண்டு.

முதல் வழி, சிட்டா வழி:

<பதிவு>
<ஊர்>முன்சிறை</ஊர்>
<மன்னர்>கருநந்தடக்கன்</மன்னர்>
<மாணவர்>95</மாணவர்>
</பதிவு>

இரண்டாவது வழி, பத்திர வழி:

<பதிவு><ஊர்>முன்சிறை</ஊர்> சபையாரிடம் நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொண்டு <மன்னர்>கருநந்தடக்கன்</மன்னர்> கோயில் எடுத்து, <மாணவர்>95</மாணவர்> சட்டர்க்கு இடம் வைத்தார்.</பதிவு>

முதல் வழியில் எழுத்து முழுவதும் கடைசிப் பிள்ளைகளுக்குள் அடங்கியிருக்கிறது. பெயரில்லாத எழுத்து வெளியே எங்கும் இல்லை. இரண்டாவது வழியில் பிள்ளை உறுப்புகளுக்கு நடுநடுவே வாக்கியம் ஓடுகிறது. ‘சபையாரிடம் நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொண்டு’ என்ற பகுதிக்குத் தனிக் கட்டம் இல்லை. தாய் உறுப்புக்குள் அது நேரடியாக நிற்கிறது. இதையே கலப்பு உள்ளடக்கம் என்கிறார்கள்.

ஊரும் மன்னர் பெயரும் எண்ணும் இரண்டு வழியிலும் இருக்கின்றன. ஆனால் மன்னர் அந்த நிலத்தைப் பறித்துக்கொள்ளவில்லை, மாற்று நிலம் கொடுத்தே பெற்றார் என்ற செய்தி இரண்டாவதில் மட்டும்தான் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஓர் ஊர்ச் சபைக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதைக் காட்டும் செய்தி அது.

எதிர்ப்பவர்களின் நியாயம்

கலக்கவே கூடாது என்று சொல்பவர்கள் வலுவான காரணங்களோடுதான் சொல்கிறார்கள்.

முதல் சிக்கல், இடைவெளி. கட்டங்கள் மட்டும் இருக்கும் கோப்பில் அவற்றுக்கு இடையே எத்தனை வெற்றிடம் விட்டாலும், எத்தனை வரி தள்ளினாலும் பொருள் மாறாது. வாக்கியம் கலந்துவிட்டால் ஒவ்வொரு இடைவெளிக்கும் பொருள் வந்துவிடுகிறது. பலகை வேறு, பல கை வேறு என்று இலக்கண வகுப்பில் படித்திருப்போம். கோப்பைப் பார்வைக்கு அழகாக அடுக்கித் தருகிறேன் என்று ஒரு நிரல் நடுவில் வெற்றிடத்தைச் சேர்த்தால் பலகை பல கையாகிவிடும். நீக்கினால் பல கை பலகையாகிவிடும்.

இரண்டாவது சிக்கல், பெயரில்லாத எழுத்தை எங்கே வைப்பது என்பது. நிரல் எழுதுவோர் பழகியிருப்பது பெயரும் மதிப்புமான சோடிகளோடு. ஊர் என்றால் முன்சிறை, மாணவர் என்றால் 95. இன்று எங்கும் பரவியிருக்கும் ஜேசான் வடிவம் முக்கியமாக இந்தச் சோடிகளால் ஆனது. நடுவில் ஓடும் வாக்கியத்துக்கு அதில் இயல்பான இடம் கிடையாது. பைத்தான் மொழியின் எலிமென்ட்ட்ரீ நூலகம் இதற்கு ஒரு வழி கண்டது. ஓர் உறுப்பு மூடிய பிறகு வரும் எழுத்தை அந்த உறுப்பின் வாலாகக் கட்டிவிடும். வால் என்றுதான் அதற்குப் பெயரும். மேலே உள்ள எடுத்துக்காட்டில் ‘சபையாரிடம்’ தொடங்கி ‘மாற்றிக்கொண்டு’ வரை ‘முன்சிறை’ உறுப்பின் வால். முன்சிறைக்கு இட்ட குறி தவறு என்று அந்த உறுப்பை நீக்கினால் வாலும் சேர்ந்து போகும். விவரம் தெரியாதவர் கையில் அரை வாக்கியம் அழிந்துவிடும்.

மூன்றாவது சிக்கல், காவல். கட்டங்கள் மட்டும் இருக்கும் கோப்பில் முதலில் ஊர் வர வேண்டும், பிறகு மன்னர் ஒருவரே வர வேண்டும் என்றெல்லாம் விதி வைத்துச் சோதிக்கலாம். கலப்பு உள்ளடக்கத்தில் என்னென்ன பிள்ளைகள் வரலாம் என்று மட்டுமே சொல்ல முடியும். எந்த வரிசையில், எத்தனை முறை என்று சொல்ல முடியாது. எக்ஸ்எம்எல்லின் தொடக்க விதியே அப்படி. 2001-இல் வந்த ரிலாக்ஸ் என்ஜி போன்ற பிந்திய முறைகள் இதைத் தளர்த்தின என்றாலும், கலப்பைக் காவல் செய்வது கடினம் என்ற எண்ணம் மாறவில்லை.

இந்தப் பிளவு நாம் தினம் திறக்கும் கோப்புகளிலும் இருக்கிறது. மைக்ரோசாப்ட் வேர்டின் டாக்எக்ஸ் கோப்பு கலப்பை ஏற்பதில்லை. ஒரு பத்தியை அது துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் எழுத்தையும் தனி உறுப்புக்குள் அடைத்துவிடும். ஒரு வாக்கியத்தின் நடுவில் ஒரு சொல்லை மட்டும் தடித்த எழுத்தாக்கினால் வாக்கியம் மூன்று துண்டாகும். துண்டின் ஓரத்தில் வெற்றிடம் இருந்தால் அதைக் காக்கச் சொல்லித் தனியே ஒரு குறிப்பு வேண்டும். லிப்ரேஆபிஸ் பயன்படுத்தும் ஓடிஎப் வடிவமோ பத்திக்குள் எழுத்தை ஓடவிட்டு, தேவையான இடத்தில் மட்டும் பிள்ளை உறுப்பை நுழைக்கிறது. இரண்டுமே உலகத் தரமாக ஏற்கப்பட்டவை. இரண்டும் நேரெதிரான பதிலைச் சொல்கின்றன.

அகராதிக்காரர்கள் பெற்ற பிள்ளை

எக்ஸ்எம்எல் 1998 பிப்ரவரி 10 அன்று உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாக வந்தது. அதன் பதிப்பாசிரியர் மூவர்: டிம் பிரே, ழான் பவோலி, சி.எம். ஸ்பெர்பெர்க்-மெக்குவீன். டிம் பிரே அதற்கு முன்பு கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைக் கணினிக்குக் கொண்டுவரும் திட்டத்தில் பணியாற்றியவர். ஸ்பெர்பெர்க்-மெக்குவீன், இலக்கியப் பனுவல்களைக் குறியிடுவதற்காக 1987-இல் தொடங்கிய டி.இ.ஐ. என்ற அறிஞர் முயற்சியின் ஆசிரியராக இருந்தவர். எக்ஸ்எம்எல்லுக்குத் தாயான எஸ்ஜிஎம்எல் 1986-இல் உலகத் தரமானது. அதுவும் ஆவணங்களுக்காகப் பிறந்ததே.

அகராதிப் பதிவைப் போல ஒரு கலப்பைப் பார்க்க முடியாது. சொல், ஒலிப்பு, பொருள், மேற்கோள், அதன் ஆண்டு, நடுவே ஆசிரியரின் விளக்கம் எல்லாம் நான்கு வரிக்குள் பின்னிக் கிடக்கும். அப்படிப்பட்ட எழுத்தோடு பழகியவர்கள் உருவாக்கிய மொழியில் கலப்பு பிழையாக நுழைந்துவிடவில்லை. அது பிறந்ததே அதற்காகத்தான். வங்கிக் கணக்கும் சரக்குப் பட்டியலும் எக்ஸ்எம்எல்லில் ஏறிய பிறகே, இங்கே வாக்கியத்துக்கு என்ன வேலை என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. அந்த வேலைகள் பெரும்பாலும் ஜேசானுக்குப் போய்விட்ட இன்று, எக்ஸ்எம்எல் தன் பழைய வீட்டில், பனுவல் ஆய்வாளர்கள் கையில் உறுதியாக இருக்கிறது.

சுசீந்திரம் எங்கே போயிற்று?

தமிழில் இந்தக் கலப்புக்கு ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சோதனை காத்திருக்கிறது.

ஆங்கிலத்தில் ஊர்ப் பெயருக்கு முன்னும் பின்னும் வெற்றிடம் இருக்கும். குறியை அங்கே வைத்தால் வேலை முடிந்தது. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்ளும். முன்சிறையில் என்றால் தொல்லை குறைவு. ‘முன்சிறை’ என்பதற்குப் பிறகு குறியை மூடிவிட்டு ‘யில்’ என்பதை வெளியே விடலாம். நாகர்கோவிலில் என்று வந்தால்? பெயரின் கடைசி மெய்யான ல், உருபின் இகரத்தோடு சேர்ந்து லி என்று ஒரே எழுத்தாகிவிட்டது. பெயர் முடியும் இடம் அந்த எழுத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது. அங்கே வெட்டினால் உள்ளே ‘நாகர்கோவில’ என்று புள்ளியிழந்த பெயர் நிற்கும். வெளியே பற்றிக்கொள்ள எழுத்தில்லாத ஓர் இகரக் குறி தொங்கும். குளச்சலோடு என்று வந்தால் இன்னும் மோசம். லோ என்பதில் ஓகாரக் குறி லகரத்துக்கு முன்னும் பின்னும் இருபுறமும் நிற்கிறது. எந்தப் பக்கம் வெட்டுவது?

சுசீந்திரத்தில் என்று வந்தால் பெயரே முழுதாக இல்லை. மகரம் கெட்டு, அத்துச் சாரியை வந்து, ‘சுசீந்திரம்’ என்ற வடிவம் வாக்கியத்திலிருந்து மறைந்துவிட்டது. இல்லாத சொல்லுக்கு எப்படிக் குறியிடுவது?

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. சொல்லை வெட்டாமல் முழுதாகக் குறிக்குள் வைத்து, பெயரின் இயல்பு வடிவத்தைக் குறியின் மேல் ஒரு பண்பாக எழுதிவிடலாம்:

<ஊர் பெயர்="சுசீந்திரம்">சுசீந்திரத்தில்</ஊர்>

தேடுகிறவருக்குச் சுசீந்திரம் கிடைக்கும். படிக்கிறவருக்கு வாக்கியம் சிதையாமல் கிடைக்கும். தமிழ்க் கல்வெட்டுகளையும் குறியிட்ட தர்மா திட்டம், 2019-இல் ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின் உதவியோடு தொடங்கியது. அதில் பனுவல்களை ரோமன் எழுத்துப்பெயர்ப்பில் பதிந்தார்கள். அங்கே மெய்யும் உயிரும் தனித்தனி எழுத்தாக நிற்பதால் அவற்றுக்கு இடையிலும் குறி வைக்க முடிகிறது. தமிழ் எழுத்திலேயே இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்கள் சந்தி இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

கல்லின் வரி, பாட்டின் நடு

கல்வெட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. கல் தச்சருக்கு வாக்கியம் எங்கே முடிகிறது என்பது கணக்கில்லை, கல் எங்கே முடிகிறது என்பதுதான் கணக்கு. ஒரு சொல்லின் பாதி முதல் வரியிலும் மீதி அடுத்த வரியிலும் இருக்கும். வரியை ஓர் உறுப்பாகவும் சொல்லை ஓர் உறுப்பாகவும் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். எக்ஸ்எம்எல்லில் பெட்டிக்குள் பெட்டி இருக்கலாம். பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்க முடியாது.

டி.இ.ஐ. அறிஞர்கள் இதற்கு மைல்கல் முறையைக் கையாண்டார்கள். வரி முழுவதையும் பெட்டிக்குள் அடைக்காமல், புது வரி தொடங்கும் இடத்தில் <வரி எண்="2"/> என்று உள்ளே எதுவுமில்லாத ஒரு குறியை நட்டுவிடுவது. வடசேரியிலிருந்து பூதப்பாண்டி போகும் சாலையில் மைல்கல் நிற்பதால் சாலை அறுந்துபோவதில்லையே, அது போல. சிதைந்த எழுத்து, ஆய்வாளர் ஊகித்து நிரப்பிய எழுத்து, கல் தச்சர் தவறவிட்ட எழுத்து ஒவ்வொன்றையும் வாக்கியத்துக்குள்ளேயே இப்படிச் சுட்ட முடியும். கல்வெட்டுகளுக்கென்றே வளர்ந்த எபிடாக் முறை இதைச் செய்கிறது. வாக்கியத்தோடு குறி கலக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தால் இந்த வேலை தொடங்கவே முடியாது.

வில்லுப்பாட்டுக்கு வாருங்கள். முத்தாரம்மன் கோயிலிலோ சுடலைமாடன் கோயிலிலோ கொடை விழா நடக்கிறது. வில்லின் மணி ஒலிக்க, குடமும் உடுக்கையும் சேர, புலவர் இரண்டு அடி பாடுகிறார். பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுகிறார். புலவர் பாட்டை நிறுத்திக் கதையைப் பேச்சில் சொல்கிறார். ஒரு கட்டத்தில் பெண்கள் குரவையிடுகிறார்கள். ஏட்டில் இருப்பது பெரும்பாலும் பாட்டு மட்டுமே. பேச்சும் ஆமாவும் குரவையும் அந்த இரவில் அந்த இடத்தில் பிறப்பவை. இந்த மாவட்டத்து வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988-இல் நூல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், பனுவலை நிகழ்த்துதலோடு சேர்த்தே பார்த்தார்.

இதைச் சிட்டா வழியில் பதிந்தால் பாடல் ஒரு கட்டம், வசனம் ஒரு கட்டம், குரவை எத்தனை முறை என்று ஓர் எண். குரவை எந்தச் சொல்லுக்கு எழுந்தது என்பதே கலை. அது எண்ணில் வராது. பாட்டின் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் <குரவை/> என்று ஒரு குறி வைத்தால் வரும். பேச்சைப் பதிவு செய்யும்போது நிறுத்தத்தையும் இருமலையும் சிரிப்பையும் சொற்களுக்கு நடுவே குறிக்க டி.இ.ஐ. முறையில் ஏற்கெனவே இடம் இருக்கிறது.

மூலமும் பதவுரையும்

நமக்கு இந்த விவாதம் புதிதன்று. பள்ளியில் செய்யுள் படித்த எல்லாருக்கும் பதவுரையும் பொழிப்புரையும் தெரியும். பதவுரை ஒவ்வொரு சொல்லையும் பிரித்து எதிரே பொருளை வைக்கும், அது கட்டம். பொழிப்புரை ஓடும், அது வாக்கியம். பழைய பதிப்புகளில் இரண்டுக்கும் மேலே மூலம் சிதையாமல் நிற்கும். மூலம் அங்கே இருக்கிறது என்ற துணிவில்தான் பதவுரை சொல்லைப் பிரிக்கிறது.

என் முடிவு இந்த இடத்திலிருந்துதான் பிறக்கிறது. குறியிட்ட வாக்கியத்திலிருந்து அட்டவணையை எந்த நேரமும் ஒரு நிரல் எழுதி எடுத்துவிடலாம். அட்டவணையிலிருந்து வாக்கியத்தைத் திரும்ப எடுக்கவே முடியாது. ஆகவே ஒருவர் நிரப்பியது என்றால் கட்டம் போதும்: மின் கட்டணம், மதிப்பெண், சரக்குப் பட்டியல். அங்கே வாக்கியத்தைக் கலப்பது வீண் தொல்லை. எதிர்ப்பவர்கள் சொல்வது முழுக்கச் சரி. ஒருவர் சொன்னது, பாடியது, எழுதியது, வெட்டியது என்றால் கலப்பே சரி. அதனால் வரும் தொல்லை நிரல் எழுதுபவர் சுமக்க வேண்டிய தொல்லை. அதை இறக்கிவைப்பதற்காக மூலத்தை வெட்டக் கூடாது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பார்த்துப் படியெடுத்தார். பின்னாளில் அ.கா. பெருமாள் அவற்றை ‘முதலியார் ஓலைகள்’ என்று நூலாக்கினார். நிலத்தை விற்ற ஓலைகளோடு மனிதரை விற்ற அடிமை ஓலைகளும் அந்த மரபில் உண்டு. அட்டவணையில் அந்த மனிதர் ஒரு விலையாகவும் ஓர் எண்ணாகவும் மட்டுமே மிஞ்சுவார். விற்றவர் எந்தச் சொல்லால் விற்றார், எந்த உரிமையைச் சொல்லி விற்றார் என்பது வாக்கியத்தில் மட்டுமே இருக்கிறது. அந்தக் கொடுமைக்குச் சாட்சி அந்த வாக்கியம்தான்.

பரணிலோ பெட்டியிலோ பழைய ஓலையும் பத்திரமும் வில்லுப்பாட்டு நோட்டும் வைத்திருக்கும் நாஞ்சில் நாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். பிறகு எழுத்துக்கு எழுத்து, வரிக்கு வரி, பிழையையும் திருத்தாமல் தட்டச்சு செய்யுங்கள். ஊரையும் பெயரையும் நாளையும் அந்த வாக்கியத்துக்குள்ளேயே குறியிடுங்கள். அட்டவணை வேண்டுமென்றால் அதற்குப் பிறகு, அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.